பதினொரு டாலர் கணக்கு: ஃபோர்டு குடும்பத்தாருக்கும் இயக்குநர் குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

மிச்சிகன் மாநிலம் டியர்பார்னில் இருக்கும் ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் இயக்குநர் குழுவினருக்கும், அந்தக் கம்பெனியின் வாக்குரிமையில் நாற்பது சதவீதத்தைக் கையில் வைத்திருக்கும் ஃபோர்டு குடும்பத்தாருக்கும்,

வணக்கம்.

தமிழில்தான் எழுதுகிறேன். படிக்க ஆள் இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. சென்னை சோழிங்கநல்லூரில் இருக்கும் உங்கள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை செய்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருவர் மொழிபெயர்த்து அனுப்பிவிடுவார்.

நான் முப்பத்தோரு வருடம் காஸ்ட் அக்கவுண்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். கார்க் கம்பெனிகளுக்குச் சின்னச் சின்ன உதிரிபாகம் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் வேலை. ஒரு பிளாஸ்டிக் கிளிப்புக்கு எத்தனை கிராம் சரக்கு, எத்தனை விநாடி மெஷின், எவ்வளவு கரண்ட், எவ்வளவு கழிவு என்று போட்டுப் போட்டே தலை நரைத்தது. வீட்டு வாசலில் 2001ஆம் வருடத்து ஃபோர்டு ஐகான் கார் ஒன்று நிற்கிறது. பதிவை இரண்டு முறை புதுப்பித்தாயிற்று. மகன் விற்கச் சொல்கிறான். நான் காது கேட்காதவன் போல இருக்கிறேன்.

2025 அக்டோபர் கடைசியில் செய்தி வந்தது. பூட்டிக் கிடக்கும் மறைமலைநகர் ஆலையில் 3,250 கோடி ரூபாய் போட்டு, 2029இலிருந்து ஆண்டுக்கு 2,35,000 இன்ஜின் செய்யப் போகிறீர்கள். 600 பேருக்கு மேல் வேலை. சந்தோஷம். ஆனால் நீங்கள் வருவது இது மூன்றாம் தடவை. 1926இல் கனடா ஃபோர்டின் கிளையாக வந்து, மதராஸிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பெட்டியில் இறங்கிய கார்களைப் பூட்டி விற்றீர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகி, பாகங்களை இங்கேயே செய்யச் சொன்ன ஐம்பதுகளில் கடையைக் கட்டினீர்கள். 1995இல் மஹிந்திராவோடு கைகோத்து மறுபடி வந்தீர்கள். 2021 செப்டம்பர் 9 அன்று போதும் என்றீர்கள். 2022 ஜூலையில் மறைமலைநகரிலிருந்து கடைசி இகோஸ்போர்ட் கார் வெளியே வந்தது.

மூன்றாம் தடவை வருகிறவர்களிடம், உட்காரச் சொல்லும் முன் இரண்டு வார்த்தை பேசினால் தப்பில்லை. உங்கள் சரித்திரத்தை நான் வரவு செலவுப் புத்தகம் மாதிரிதான் படித்தேன். எனக்கு அப்படித்தான் படிக்க வரும்.

முதலில் வரவு. டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க் ஆலையில் 1913இல் நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மயிர்க்கூச்செறியும். மேக்னெட்டோ என்று ஒரு பாகம், தீப்பொறி கொடுப்பது. ஒரு ஆள் தனியாக உட்கார்ந்து ஒன்றைப் பூட்ட 20 நிமிடம். அந்த வேலையை 29 துண்டாக உடைத்து வரிசையாக ஆட்களை நிற்க வைத்தார்கள்: 13 நிமிடம் 10 விநாடி. குனிந்து குனிந்து முதுகு ஒடிகிறது என்று பார்த்து, மறுவருடம் வரிசையின் உயரத்தை எட்டு அங்குலம் கூட்டினார்கள்: 7 நிமிடம். ஓட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துச் சரிசெய்தார்கள்: 5 நிமிடம். எட்டு அங்குலத்தில் பாதி நேரத்தை மிச்சம் பிடித்த அந்த ஆளை நான் கடைசிவரை என் மேலாளர்களிடம் உதாரணம் காட்டிக்கொண்டிருந்தேன். அதே யோசனையை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குக் கொண்டுபோனபோது பன்னிரண்டரை மணி நேரம் 93 நிமிடமாகச் சுருங்கியது. 1908இல் 850 டாலருக்கு வந்த மாடல் டி, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. ஒன்றரைக் கோடி வண்டிகள் விற்ற பிறகு, 1927இல்தான் நிறுத்தினார்கள். விவசாயிகள் அதன் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, பெல்ட் மாட்டி மரம் அறுத்தார்கள். சரக்கு அப்படி.

ஆனால் அந்த 93 நிமிடத்துக்கு ஒரு விலை இருந்தது. மனிதர்கள் ஓடிப்போனார்கள். நாள் முழுக்க ஒரே திருகாணியைத் திருகிக்கொண்டிருக்க யாருக்கு முடியும்? 14,000 பேர் வேலை செய்யும் ஆலையை ஓட்ட 1913ஆம் வருடத்தில் 52,000 பேரை வேலைக்கு எடுக்க வேண்டி வந்தது. புது ஆளுக்குப் பழக்கிக் கொடுக்கும் செலவைக் காஸ்ட் ஷீட்டில் எழுதிப் பாருங்கள், தலை சுற்றும். 1914 ஜனவரி 5 அன்று எட்டு மணி நேர வேலைக்கு ஐந்து டாலர் கூலி என்று அறிவித்தீர்கள். அதுவரை ஒன்பது மணி நேரத்துக்கு இரண்டரை டாலர்கூட இல்லை. தொழிலாளியே கார் வாங்க வேண்டும் என்று ஹென்றி ஃபோர்டு மனமிரங்கிக் கொடுத்ததாக ஒரு கதை இன்றைக்கும் மேனேஜ்மென்ட் வகுப்புகளில் ஓடுகிறது. கணக்குப் போட்டவனுக்குத் தெரியும், அது ஓடிப்போகிற ஆளைப் பிடித்து நிறுத்தக் கொடுத்த கூலி. அதில் குறையும் இல்லை. நல்ல கணக்கு அது. இரண்டு பக்கமும் லாபம்.

இலவசமாகவும் கொடுக்கவில்லை. ஐந்தில் பாதியளவு கூலி, மீதி ‘லாபப் பங்கு’. பங்கு வேண்டுமென்றால் கம்பெனியின் சமூகவியல் துறை ஆள் வீட்டுக்கு வருவார். வீடு சுத்தமா, குடிக்கிறாயா, பணம் சேர்க்கிறாயா, வாடகைக்கு வெளியாளை வைத்திருக்கிறாயா என்று குறித்துக்கொண்டு போவார். அறிவிப்பு வந்த அடுத்த வாரம், ஜனவரிக் குளிரில் கேட்டுக்கு முன் கூடிய ஆயிரக்கணக்கானவர்களைக் கலைக்கத் தீயணைப்புக் குழாயால் தண்ணீர் பீய்ச்சினார்கள். பனியில் நனைந்த கோட்டோடு வீட்டுக்கு நடந்து போனவர்களின் கணக்கு எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை.

குடும்பத்தாருக்கு ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்த வேண்டும். லாபத்தைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்காமல் விலையைக் குறைக்கவும் ஆலையைப் பெருக்கி இன்னும் பலருக்கு வேலை கொடுக்கவும் போகிறேன் என்று உங்கள் கொள்ளுத்தாத்தா அடம்பிடித்தார். பங்குதாரர்களான டாட்ஜ் சகோதரர்கள் வழக்குப் போட்டார்கள். கம்பெனி என்பது முதலில் பங்குதாரருக்காகத்தான் என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 1919இல் சொல்லி, சுமார் 1.9 கோடி டாலர் ஈவுத்தொகை கொடுக்க வைத்தது. டாட்ஜ்காரர்கள் அந்தப் பணத்தில் போட்டிக் கம்பெனி நடத்தப் போகிறார்கள் என்ற பயமும் அவருக்கு இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தோற்றவர் அந்த வருடமே மற்ற பங்குதாரர்கள் எல்லோரையும் விலைக்கு வாங்கி வெளியே அனுப்பினார். இன்று உங்கள் கையில் இருக்கும் நாற்பது சதவீத வாக்கின் வேர், ‘என் லாபத்தை என்ன செய்வது என்று நான்தான் முடிவு செய்வேன்’ என்ற அந்தப் பிடிவாதத்தில் இருக்கிறது. பின்னால் நான் கேட்கப்போவதற்கு இது உதவும்.

இனி செலவுப் பக்கம். கூச்சப்படாமல் எழுதுகிறேன்.

‘டியர்பார்ன் இண்டிபெண்டன்ட்’ என்ற வாரப் பத்திரிகையை ஹென்றி ஃபோர்டு விலைக்கு வாங்கி, 1920 மே மாதம் தொடங்கி 91 இதழ்களில் யூதர்களைப் பற்றி விஷம் கக்கினார். கார் விற்கும் டீலர்கள் அந்தப் பத்திரிகைக்கும் சந்தா சேர்க்க வேண்டும். கட்டுரைகள் புத்தகமாகி, ஜெர்மன் மொழிக்கும் போயின. ஆரன் சபிரோ என்ற வழக்கறிஞர் அவதூறு வழக்குப் போட்ட பிறகு, 1927இல் மன்னிப்புக் கேட்டுப் பத்திரிகையை மூடினார். ஆனால் 1938இல் தன் 75ஆவது பிறந்தநாளன்று ஹிட்லர் அரசு கொடுத்த ஜெர்மன் கழுகுப் பதக்கத்தை மார்பில் குத்திக்கொண்டார். அந்தப் படம் இன்னும் இருக்கிறது.

இது பழங்கதை என்று தள்ள முடியாது. 2019இல் டியர்பார்ன் நகராட்சி நடத்தும் சிறிய வரலாற்று இதழ் ஒன்று, பத்திரிகை வாங்கி நூறு வருடம் ஆனதை ஒட்டி இதையெல்லாம் கட்டுரையாக அச்சடித்தது. நகர மேயர் இதழை விநியோகிக்கக் கூடாது என்று நிறுத்தி வைத்து, ஆசிரியரையும் அனுப்பிவிட்டார். விளைவு? நூற்றுக்கணக்கான சந்தாதாரர்கள் மட்டும் படித்திருக்க வேண்டிய கட்டுரையை இணையத்தில் உலகமே படித்தது. செங்கல்பட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கே அப்படித்தான் கிடைத்தது. செய்தவர் மேயர், நீங்கள் இல்லை, தெரியும். ஆனாலும் உங்கள் பெயருக்கு ஒரு ஊரே பயப்படுகிறது என்றால் அதை எந்தத் தலைப்பில் எழுதுவது?

1932 மார்ச் 7. வேலை போன ஆயிரக்கணக்கானவர்கள் டெட்ராய்ட்டிலிருந்து டியர்பார்னில் உள்ள உங்கள் ரூஜ் ஆலைக்குப் பசி ஊர்வலம் போனார்கள். போலீசும் உங்கள் காவல் ஆட்களும் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். ஐந்தாமவர் காயத்தோடு கிடந்து பிறகு போனார். 1937 மே 26. அதே ரூஜ் ஆலையின் நான்காம் கேட்டுக்கு எதிரே இருந்த மேம்பாலத்தில் யூனியன் துண்டுப் பிரசுரம் கொடுக்க வந்த வால்டர் ராய்தரையும் ரிச்சர்ட் ஃபிராங்கன்ஸ்டீனையும் உங்கள் காவல் படைத் தலைவர் ஹாரி பென்னட்டின் ஆட்கள் புரட்டியெடுத்தார்கள். ஃபிராங்கன்ஸ்டீனின் கோட்டைப் பின்னாலிருந்து தலைக்கு மேல் இழுத்துக் கையை முடக்கிவிட்டு அடித்தார்கள். படமெடுத்த டெட்ராய்ட் நியூஸ் நிருபர், தகடுகளைக் கொடு என்று மிரட்டியவர்களிடம் வெறும் தகடுகளைக் கொடுத்துவிட்டு, நிஜமானவற்றைக் கார் சீட்டுக்கு அடியில் ஒளித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நாலு வருடம் கழித்து, 1941இல் யூனியனோடு ஒப்பந்தம் போட்டீர்கள். ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் 1937லேயே போட்டுவிட்டிருந்தன. நாலு வருடப் பிடிவாதத்தில் மிச்சமானது அந்தப் படங்கள்தான்.

இடையில் வந்த எட்செல் காரைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்; இரண்டே வருடத்தில் 25 கோடி டாலரை விழுங்கிய அந்த வண்டியை எல்லோரும் அடித்து ஓய்ந்துவிட்டார்கள். பெற்ற பிள்ளையின் பெயரை வைத்து அதைத் தோல்விக்கு மறுபெயராக்கியது மட்டும் எனக்கு உறுத்தும். எட்செல் ஃபோர்டு நல்ல ரசனைக்காரர், 1943லேயே போய்விட்டார். 1964இல் மஸ்டாங் வந்து எல்லாக் கடனையும் அடைத்தது. 1966இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் ஜிடி40 முதல் மூன்று இடத்தையும் பிடித்தது. இவை உங்கள் விளம்பரங்களிலேயே வரும், நான் எதற்கு?

பின்ட்டோ காருக்கு வருகிறேன். இந்த மடலை எழுத வைத்ததே அதுதான்.

ஜப்பான், ஜெர்மனிச் சிறு கார்களை எதிர்க்க அவசர அவசரமாகச் செய்து, 1971 மாடலாக இறக்கிய வண்டி. பெட்ரோல் டேங்க் பின் அச்சுக்கும் பம்பருக்கும் நடுவில். பின்னாலிருந்து வண்டி இடித்தால் டேங்க் முன்னால் தள்ளப்பட்டு, பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலின் போல்ட்டுகளில் குத்திக் கிழியும். எண்ணெய் ஊற்றும் குழாயும் பிடுங்கிக்கொள்ளும். 1977இல் பத்திரிகைக்காரர்கள் அதைக் கிளப்பியபோது ஒரு தாள் வெளியே வந்தது. அந்தத் தாளில் இரண்டு பக்கம். ஒரு பக்கம், எண்ணெய் ஒழுகாமல் தடுத்தால் மிச்சமாகும் பயன்: தீயில் சாகும் 180 பேர், ஆளுக்கு 2,00,000 டாலர். கருகிப் பிழைக்கும் 180 பேர், ஆளுக்கு 67,000. எரியும் 2,100 வண்டி, ஒன்றுக்கு 700. மொத்தம் 4.95 கோடி டாலர். மறுபக்கம் செலவு: 1.1 கோடி கார், 15 லட்சம் லைட் டிரக், வண்டிக்கு 11 டாலர். மொத்தம் 13.7 கோடி டாலர். செலவு கூடுதல், ஆகவே வேண்டாம்.

நியாயமாகச் சில விஷயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சொல்பவர்கள் குறைவு. அந்தத் தாள் பின்ட்டோவின் பின்மோதலைப் பற்றியதே கிடையாது. வண்டி குட்டிக்கரணம் அடிக்கும்போது எண்ணெய் ஒழுகுவதைத் தடுக்கும் விதி வேண்டாம் என்று அரசுக்கு அனுப்பிய மனுவின் பகுதி. நாட்டில் விற்கும் எல்லாக் கார்களுக்குமான கணக்கு. உயிருக்கு இரண்டு லட்சம் என்று விலை வைத்ததும் நீங்கள் இல்லை, அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறையே 1972இல் போட்டுவைத்தது. அந்தப் பட்டியலில் செத்தவரின் வலிக்கும் வேதனைக்கும் 10,000 டாலர், இறுதிச் சடங்குக்கு 900 டாலர் என்று தனித்தனி வரிகள் உண்டு. அரசுத் துறை உறுதி செய்த பின்ட்டோ தீச்சாவு 27. நூற்றுக்கணக்கில் என்று பேசப்பட்டதெல்லாம் அந்த எண்ணோடு ஒட்டவில்லை.

இவ்வளவும் உங்கள் பக்கம் பேசிவிட்டுச் சொல்கிறேன்: அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கோபத்தைவிடக் கூச்சம்தான் முதலில் வந்தது. அது என் கையெழுத்து மாதிரி இருந்தது. ஒரு வருடம், பெயர் சொல்ல வேண்டாம், ஒரு வாடிக்கையாளர் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசர் ஒரு கிளிப்பில் நாற்பது பைசா குறைக்கச் சொன்னார். பெட்ரோல் குழாயைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் கிளிப். சுவரின் தடிமனைக் கொஞ்சம் குறைத்தால் நாற்பத்திரண்டு பைசா வரும் என்று நான்தான் தாளில் காட்டினேன். சோதனையில் தேறியது. வண்டிகளும் ஓடின. ஒன்றும் ஆகவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தத் தாளில் ‘இது கழன்றால்’ என்று ஒரு வரி இல்லை. கேட்கவும் இல்லை, நான் எழுதவும் இல்லை. பாராட்டி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், இப்போதும் ஓடுகிறது.

எங்கள் தொழிலின் நோய் அது. கணக்கில் பொய் இருக்காது. யார் கட்டுகிற பணம், யார் மேல் விழுகிற நஷ்டம் என்ற வரி மட்டும் விட்டுப்போயிருக்கும். பதினொரு டாலர் உங்கள் பையிலிருந்து போகும். வலிக்கும் வேதனைக்கும் போட்ட பத்தாயிரம் வேறு யாருடைய உடம்பிலிருந்தோ போகும். இரண்டையும் ஒரே கோட்டுக்கு மேலே எழுதிக் கழித்துவிட்டோம்.

1978 பிப்ரவரியில், ஒரு பின்ட்டோ தீ விபத்து வழக்கில், கலிஃபோர்னிய ஜூரி அந்தக் கோட்டைத் தன் கணக்கில் போட்டது: தண்டத்தொகை 12.5 கோடி டாலர். நீதிபதி 35 லட்சமாகக் குறைத்தார், அது வேறு. அந்த ஜூனில் 15 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, டேங்குக்கு ஒரு பிளாஸ்டிக் தடுப்பும் நீளமான குழாயும் போட்டுக் கொடுத்தீர்கள். ஒரு பிளாஸ்டிக் தடுப்பு! இண்டியானாவில் மூன்று இளம்பெண்கள் எரிந்துபோனதற்காக, பழுதான சரக்கால் மரணம் விளைவித்ததாக ஒரு கம்பெனி மீதே குற்ற வழக்கு நடந்தது. 1980 மார்ச்சில் நீங்கள் குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு. சட்டத்தில் ஜெயித்தீர்கள். ஐம்பது வருடம் ஆகப்போகிறது; வணிக நெறி கற்பிக்கும் வகுப்புகளில் முதல் உதாரணம் இன்றும் பின்ட்டோதான்.

2000ஆம் வருடத்து எக்ஸ்ப்ளோரர் கார் விவகாரத்தை நீட்ட மாட்டேன். ஃபயர்ஸ்டோன் டயர் கிழிந்து வண்டி உருண்டதில் 271 சாவு என்று அரசுக் கணக்கு. டயர்க்காரர் உங்களையும் நீங்கள் டயர்க்காரரையும் கை காட்டினீர்கள். காற்று 26 போதும் என்று கதவில் ஒட்டியவர் நீங்கள். 65 லட்சம் டயரைத் திரும்ப வாங்கியவர் அவர். கிட்டத்தட்ட நூறு வருட வியாபாரம் 2001இல் முறிந்தது. இதில் கம்பெனித் தலைவர் வில்லியம் கிளே ஃபோர்டு ஜூனியரின் அம்மா ஃபயர்ஸ்டோன் வீட்டுப் பெண். சம்பந்தி வீட்டுச் சண்டை கோர்ட்டுக்குப் போனால் எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததா?

இப்போது எனக்குப் பிடித்த பக்கம். 2006. அந்த வருட நஷ்டம் 1,270 கோடி டாலர். போயிங்கிலிருந்து ஆலன் முலாலி என்பவரைத் தலைமை அதிகாரியாகக் கூட்டிவந்தீர்கள். ஒவ்வொரு வியாழனும் கூட்டம். ஒவ்வொரு துறைத் தலைவரும் தன் வேலை சரியாகப் போனால் பச்சை, சந்தேகமென்றால் மஞ்சள், சிக்கலென்றால் சிவப்பு என்று நிறம் காட்ட வேண்டும். வாரா வாரம் எல்லாம் பச்சை. கோடிக்கணக்கில் பணம் போய்க்கொண்டிருக்கிறது, இதில் சரியில்லாதது ஒன்றுகூடவா இல்லை என்று கேட்டார் முலாலி. கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்பவர் ஒரு புது மாடல் தள்ளிப்போகிறது என்று சிவப்பைக் காட்டினார். அறையில் சத்தமில்லை. ஆள் காலி என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். முலாலி கை தட்டினார். பிறகு மற்றவர்களின் தாள்களிலும் நிறம் மாறத் தொடங்கியது. அந்த ஃபீல்ட்ஸ்தான் 2014இல் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதே 2006இல் ஆலை, காப்புரிமை என்று இருந்ததை எல்லாம் அடகு வைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் கடன் எழுப்பினீர்கள். நீல முட்டைச் சின்னத்தையே அடகு வைத்தீர்கள். வீட்டுப் பத்திரம், நகை, அப்புறம் தாத்தாவின் கையெழுத்து. 2008இல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் அரசின் மீட்புப் பணத்துக்குக் கையேந்தி, 2009இல் திவாலுக்கும் போனபோது நீங்கள் நின்றீர்கள். (எரிசக்தித் துறையின் 590 கோடி டாலர் கடனை 2009இல் வாங்கினீர்கள் என்பதை உங்கள் ரசிகர்கள் சொல்லாமல் விடுவார்கள். மீட்புப் பணம் வேறு, அது வேறு. ஆனாலும் கடன் கடன்தான்.) 2012 மே மாதம் சின்னத்தை மீட்டீர்கள். மூழ்கிய நகையை மீட்டுக்கொண்டு வரும் அம்மாவின் முகம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று டியர்பார்னில் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் 2008இல் 230 கோடி டாலருக்கு டாட்டாவிடம் விற்றதும் அந்த மீட்சியின் பகுதிதான். நீங்கள் ரத்தன் டாட்டாவை அவமானப்படுத்தியதாகவும் அவர் பழிவாங்கியதாகவும் எங்கள் வாட்ஸ்அப்பில் வாரம் ஒருமுறை ஒரு கதை வருகிறது. ஒரு தரப்பு சொன்ன கதை. நான் ஃபார்வர்டு செய்வதில்லை.

இனி மறைமலைநகர். 2021இல் நீங்கள் சொன்ன கணக்கு: பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், சுமார் 4,000 பேருக்கு வேலை போகும். நஷ்டத்தை நான் சந்தேகிக்கவில்லை. நல்ல வண்டி செய்தும் 2021இல் இந்தச் சந்தையில் உங்கள் பங்கு இரண்டு சதவீதத்துக்கும் கீழேதான். யாராக இருந்தாலும் மூடியிருப்பார்கள். குஜராத்தில் இருந்த உங்கள் சானந்த் ஆலையை 725.7 கோடி ரூபாய்க்கு டாட்டா வாங்கிக்கொண்டதால் அங்கே இருந்தவர்களுக்கு வேலை தொடர்ந்தது. சென்னையில் அப்படி யாரும் வரவில்லை. 2022 கோடையில், வருடத்துக்கு எத்தனை நாள் சம்பளம் என்று ஆலைக்குள் போராட்டம் நடந்தது. பிறகு பேசி முடித்தீர்கள். அந்தக் கணக்கை நான் திறக்கவில்லை. ஆனால் எப்போது பேசினீர்கள் என்று பாருங்கள்: போகிறோம் என்று அறிவித்த பிறகு. சாமானை லாரியில் ஏற்றிவிட்டவரிடம் நின்றுகொண்டு முன்பணம் பேசுவது போல. எத்தனை நல்லவராக இருந்தாலும் அந்த நேரத்தில் பேச்சு ஒரு பக்கம்தான் சாயும்.

ஆகவே என் கோரிக்கை. 2029இல் முதல் இன்ஜின் வெளியே வரும் நாளிலிருந்து, இன்ஜின் ஒன்றுக்குப் பதினொரு டாலர் தனியாக எடுத்து வையுங்கள்.

ஆண்டுக்கு 2,35,000 இன்ஜின் என்றால் 25,85,000 டாலர். இன்றைய மதிப்பில் இருபது கோடி ரூபாய்க்கு மேல். 600 பேர் என்று வைத்தால் ஆளுக்கு வருடம் சுமார் 4,300 டாலர். இது சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை, கிராஜுவிட்டி இல்லை. கம்பெனியின் கை படாத ஒரு அறக்கட்டளையில், காண்டிராக்ட் ஆட்களையும் சேர்த்து, வேலை செய்தவர்கள் பேரில் ஏற வேண்டும். ஆலை மூடினால் அடுத்த மாதமே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். மூடாவிட்டால் ஓய்வு பெறும்போது வாங்கிப்போவார்கள். போகும் செலவை வரும் நாளிலேயே சரக்கின் அடக்க விலையில் ஏற்றிவிடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். எந்தக் காஸ்ட் அக்கவுண்டன்டும் இதை வினோதமாக நினைக்க மாட்டார். வாரன்ட்டிக்கு இப்படித்தானே ஒதுக்கி வைக்கிறீர்கள்? வண்டி பழுதாகும் என்று முன்கூட்டி ஒப்புக்கொள்ள உங்களுக்குக் கௌரவக் குறைச்சலாக இல்லையே.

ஒரு இன்ஜினில் பதினொரு டாலர் தாங்காது, ஏற்றுமதிப் போட்டியில் விலை அடிபடும் என்று உங்கள் நிதித்துறை சொல்லும். நானும் முப்பத்தோரு வருடம் அதைத்தான் சொன்னேன். அப்படியென்றால் ஒன்பதுக்குப் பேசுங்கள், ஏழுக்குப் பேசுங்கள். இன்னும் கூரைகூட மாற்றாத ஆலையை வைத்துக்கொண்டு இப்போது பேசுவது சுலபம். எட்டு அங்குலம் உயர்த்திப் பார்த்துக் கண்டுபிடித்த கம்பெனிக்கு மிச்சத்தை எங்கே பிடிப்பது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குடும்பத்தாரைத் தனியாகச் சேர்த்து எழுதியதற்குக் காரணமும் இதுதான். காலாண்டுக் கணக்கைப் பார்க்கும் ஃபண்ட் மேலாளரிடம் இதைக் கேட்க முடியாது. நாற்பது சதவீத வாக்கு வைத்திருப்பவர்களிடம் கேட்கலாம். 1919இல் டாட்ஜ் சகோதரர்கள் இருந்தார்கள், இப்போது உங்களைத் தடுக்க அவ்வளவு பெரிய ஆள் இல்லை.

மாதிரிக் கணக்கை ஒரே தாளில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ‘இது நின்றால்’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சோழிங்கநல்லூர் அலுவலக வாசலில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா, தபாலில்தான் அனுப்ப வேண்டுமா என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற காஸ்ட் அக்கவுண்டன்ட் ஒருவன்,
செங்கல்பட்டு

பின்குறிப்பு: ஐகானின் பதிவு 2026இல் மறுபடி முடிகிறது. மூன்றாம் தடவையும் புதுப்பிக்கப் போகிறேன். ரோக்கம் இன்ஜின், ஒரு குறையும் இல்லை. மகனிடம் இன்னும் சொல்லவில்லை.